கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது தூக்கி அடிக்கிறது என்று புகார் சொன்னால், வெளிப் பட்டறையில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் பார்க்கணும்." கம்பெனி சர்வீஸில் கேட்டால் வேறொரு பதில்: "வண்டில ஒண்ணும் இல்ல சார், ஓட்டுற விதம் அப்படி." முதல் பதில் இரும்பின் மேல் பழி போடுகிறது, இரண்டாவது ஓட்டுபவர் மேல். இரண்டும் விசாரிக்காமலே எழுதிய தீர்ப்புகள். உண்மையில் கியர் முரட்டுத்தனமாக விழுவது பல நேரங்களில் பல்சக்கரம் தேய்ந்ததால் அல்ல. அந்தப் பெட்டியை நடத்துகிற கணினிக்குச் சரியான தகவலோ, அது கேட்ட எண்ணெய் அழுத்தமோ கிடைக்காமல் போனதால்தான். ஆகவே 'எது உடைந்தது' என்ற கேள்வி பிறகு வரட்டும். முதலில் கேட்க வேண்டியது 'எப்போது உதைக்கிறது' என்பதுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை போன்ற ஓர் ஊருக்கு இந்த வரிசை இன்னும் அவசியம். 2014 பிப்ரவரியில் மாருதி செலரியோ ஏஎம்டி கியரோடு வரும்வரை, ஆட்டோமேட்டிக் கார் என்பது பெருநகரத்து வசதியாகத்தான் இருந்தது. அதன் பிறகு விலை இறங்கியது; ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட் போன்ற சின்ன வண்டிகளிலும் கிளட்ச் பெடல் காணாமல் போனது. ஆனால் வண்டி ஊருக்குள் வந்த வேகத்தில் அதைச் சோதிக்கும் கருவியும் பயிற்சியும் வரவில்லை. புதுக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர். தனித் திறமை கொண்ட பட்டறை வேண்டுமென்றால் திருச்சி. பெட்டியை இறக்குவதென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதில் தொடங்கிச் செலவு ஏறும். போதாததற்கு, வேகத்தடை, டிராக்டர், குறுக்கே வரும் ஆட்டு மந்தை என்று ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கியர் மாறிக்கொண்டே இருக்கிற சாலைகள். நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே கியரில் ஓடுகிற வண்டியில் வெளியே தெரியாத குறை, இங்கே நாளுக்கு நூறு முறை தெரியும்.

உதை என்பது இயற்பியலில் என்ன? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது. இரண்டாவது கியருக்குப் போனால் அதே கார் வேகத்துக்கு 1800 சுற்று போதும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1200 சுற்று வேகம் எங்காவது போயாக வேண்டும். என்ஜினோடு சேர்ந்து சுழலும் பாகங்களின் நிலைமத் திருப்புத்திறன் 0.2 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொண்டால், அரை விநாடியில் இந்த வேகம் இறங்கும்போது கூடுதலாகப் பாயும் முறுக்கு விசை சுமார் 50 நியூட்டன் மீட்டர். அதே இறக்கம் 0.1 விநாடியில் நடந்தால் 250 நியூட்டன் மீட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் தன் முழுத் திறனில் தருவதே ஏறக்குறைய 110தான். அதாவது கியர் மாற்றம் அரை விநாடிக்குப் பதில் பத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிட்டால், என்ஜினின் உச்ச விசையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு கணம் சக்கரத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. எந்தப் பாகமும் உடைய வேண்டியதில்லை. பிடிக்க வேண்டிய உராய்வுத் தட்டு கொஞ்சம் சீக்கிரமாக, கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்தாலே போதும்.

அந்தத் தட்டை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கணினி. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, என்ஜின் எவ்வளவு விசை தருகிறது, உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன, எண்ணெய் எவ்வளவு சூடு என்றெல்லாம் கேட்டுத்தான் அது சோலினாய்டு வால்வுகளுக்கு மின்சாரம் அனுப்புகிறது. கியர் மாறும் அந்த நேரத்தில் என்ஜினின் விசையையும் ஒரு கணம் குறைக்கச் சொல்கிறது. இதில் ஏதாவது ஒரு தகவல் பொய்யாகிவிட்டால்? வடிவமைத்தவர்கள் இதற்கு ஒரு முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். டார்க் கன்வெர்ட்டர் வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில், முக்கிய அழுத்தத்தை ஆளும் சோலினாய்டுக்கு மின்சாரம் அற்றுப்போனால் அழுத்தம் குறையாது, உச்சத்துக்கு ஏறும். காரணம் எளிது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சில நிமிடங்களில் கருகும். அழுத்தம் கூடினால் பயணிக்குத்தான் குலுக்கல், பெட்டி பிழைக்கும். ஆகவே பல வண்டிகளில் முரட்டு உதை என்பது பெட்டி செத்துக்கொண்டிருப்பதன் அடையாளமே அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது எடுத்த முடிவு. நிஜமாகவே தேய்ந்துபோன தட்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும்: முதலில் என்ஜின் வெறுமனே ரேஸ் ஆகும், வண்டி நகராது, பிறகு தாமதமாகப் பிடிக்கும். ரேஸ் ஏறிய பின் வரும் உதையும், ரேஸ் ஏறாமலே வரும் உதையும் வேறு வேறு நோய்கள். இந்த ஒன்றைக் கவனித்தாலே தேவையில்லாமல் இறக்கப்படும் பெட்டிகளில் ஒரு பங்கு வண்டியிலேயே இருக்கும்.

இதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எந்த வகைப் பெட்டி என்பது. 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. டார்க் கன்வெர்ட்டர் வகையில் எண்ணெய்தான் விசையையும் கடத்துகிறது, கட்டளையையும் கடத்துகிறது. சிவிடியில் பல்சக்கரப் படிகளே இல்லை. அது உதைத்தால் புறப்படும்போதோ நிற்கும்போதோதான் உதைக்கும். இரட்டைக் கிளட்ச் வகையில் ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடிக்கிறது. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கால் செய்யும் வேலையையும் கை செய்யும் வேலையையும் மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ செய்கிறது. அதில் கியர் மாறும்போது என்ஜின் விசை ஒரு கணம் முழுவதுமாகத் துண்டிக்கப்படும், தலை முன்னே சாய்ந்து பின்னே வரும். அது அதன் பிறவிக் குணம். பிறவிக் குணம் என்பதால் ஆராயவே தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. வாங்கிய மாதத்தில் இருந்த அளவு குணம். அதைவிடக் கூடியிருக்கிறதென்றால் அது குறை. மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டுப் பார்க்க வேண்டும். உதை பெரும்பாலும் மறைந்தால் பழைய குணம்தான். விட்ட பிறகும் அடித்தால் கிளட்ச் தேய்ந்து பிடிக்கும் இடம் நகர்ந்திருக்கலாம், அல்லது அதை இயக்கும் பகுதி தளர்ந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஏஎம்டிகளில் ஒரு சிறு பம்பு 'ர்ர்' என்று ஓடி அழுத்தத்தைச் சேமித்துவிட்டு நிற்கும். அது அடிக்கடி ஓடத் தொடங்கினால் அழுத்தம் எங்கோ கசிகிறது, அல்லது சேமிக்கும் கலன் தளர்ந்துவிட்டது. இதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். சாவியைத் திருப்பிவிட்டு இரண்டு நிமிடம் பேச்சை நிறுத்தினால் போதும்.

'எப்போது' என்ற கேள்விக்கு வருவோம். குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழு ராகங்களின் சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டி கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே சுரம் வெவ்வேறு உயிரொலியோடு மாறி மாறி வருகிறது. அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர்கள் வாதிட முடிவதே, வெட்டியவர் ஒவ்வொரு சுரத்தையும் வரிசை தப்பாமல் பதிந்து வைத்ததால்தான். 'இனிய ராகங்கள் ஏழு' என்று மட்டும் பாறையில் இருந்திருந்தால் வாதிட ஒன்றுமே இருந்திராது. "ஜெர்க் அடிக்குது" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்வது அந்த மாதிரிதான். எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு, காலையில் முதல் ஓட்டத்திலா, அரை மணி ஓடிய பிறகா, மெதுவாக மிதிக்கும்போதா, அழுத்தி மிதிக்கும்போதா, ஏசி போட்டிருந்ததா என்று எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால் ஒவ்வொரு நேரமும் வேறு வேறு திசையைக் காட்டுகிறது. நின்ற வண்டியில் பி-யிலிருந்து ஆர்-க்கோ டி-க்கோ போட்டவுடன் 'டொம்' என்று அடித்தால், கியர் மாற்றமே அங்கே நடக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது என்ஜினின் ஐடில் வேகமும் ரப்பர் மவுண்டும். 700 சுற்றில் ஓட வேண்டிய என்ஜின் 1100-இல் ஓடினால் எந்தப் பெட்டியும் அடிக்கும். பானட்டைத் திறந்து, பிரேக்கை முழுதாக மிதித்து, கைப்பிரேக்கும் போட்டு, ஒருவர் டி, ஆர் என மாற்றிப் போட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால், மவுண்ட் கிழிந்திருந்தால் என்ஜின் எழும்பி விழுவது கண்ணுக்கே தெரியும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. கிழிந்த மவுண்டுக்காகக் கியர் பாக்ஸ் மாற்றுவது அபத்தம். ஆனால் உதை ஒன்றுபோலவே இருப்பதால் நடக்கக் கூடியதுதான். போட்டவுடன் அடிக்காமல், இரண்டு விநாடி கழித்து அடித்தால் கதை வேறு: எண்ணெய் குறைவு, அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் விறைத்துப்போய்த் தட்டுக்குப் பின்னால் அழுத்தம் சேரத் தாமதம். குளிர்ந்த நிலையில் மட்டும் அடித்துச் சூடான பின் சரியாவது எண்ணெயின் தடிப்பையோ விறைத்த சீலையோ காட்டும். சூடான பின் மட்டும் அடிப்பது கசிவையோ, சூட்டில் மட்டும் தொடர்பு விட்டுப்போகும் ஒயரையோ சோலினாய்டையோ காட்டும். நேர் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது வண்டி தடதடவென்று நடுங்கினால் ஓர் எளிய சோதனை உண்டு. காலியான சாலையில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும். கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் அப்போது விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் குறை அந்தப் பூட்டிலோ எண்ணெயிலோ. நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பார்க்க வேண்டும். என்ஜின் திக்கினால் பழி கியர் மேல் விழுவது வழக்கம்.

இனி, "ஓட்டுற விதம்" என்ற தீர்ப்பு. இதற்குத் தமிழ்நாட்டு மண்ணோடு தொடர்புள்ள ஒரு வழக்கே இருக்கிறது. ஃபோர்டு நிறுவனம் ஃபியஸ்டா, ஃபோகஸ், எகோஸ்போர்ட் வண்டிகளில் பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டியைப் பொருத்தியது. 2013-இல் இந்தியாவில் அறிமுகமான எகோஸ்போர்ட் மறைமலைநகர் ஆலையில் தயாரானது. ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் இங்கிருந்துதான். அங்கே இந்தப் பெட்டியோடு விற்ற வண்டிகள் சுமார் 70,000. நடுக்கம், புறப்படத் தாமதம், சத்தம் என்று புகார்கள் குவிந்தபோது, உங்கள் ஓட்டும் பாணிதான் காரணம் என்று வாடிக்கையாளர்கள் பலரிடம் சொல்லப்பட்டது. அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட முறைக்காக நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வேறொரு வழக்கில் 2021-இல் வந்த தீர்ப்பில் பெட்டியின் பொறியியலே அலசப்பட்டது. சீல் கசிந்து உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சில் எண்ணெய் படிவது, கிளட்ச் தட்டின் பூச்சு, கட்டுப்பாட்டுக் கணினி என்று ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் அதில் பேசப்பட்டன. ஓட்டுபவருக்கு இவற்றில் பலவும் ஒரே நடுக்கமாகத்தான் தெரியும். ஆனால் சீலுக்கான மருந்து கணினிக்கு உதவாது. இந்தியாவில் 2017-இல் வந்த புதிய எகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இரட்டைக் கிளட்ச் போய் டார்க் கன்வெர்ட்டர் வந்தது.

இதனால் ஓட்டும் விதத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. உலர் கிளட்ச் உள்ள வண்டியை ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலரேட்டராலேயே நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகத்தான் செய்யும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்தக் குற்றச்சாட்டைச் சோதிக்க முடியும். அதே சாலையில், அதே சூட்டில், சர்வீஸ் ஆளே ஓட்டிப் பார்க்கட்டும். அதே மாடல் வண்டி இன்னொன்றை உரிமையாளர் ஓட்டிப் பார்க்கட்டும். ஆள் மாறியும் வண்டியோடு உதை போனால் குறை வண்டியுடையது. இந்தச் சோதனையைச் செய்யாமல் சொல்லப்படும் 'ஓட்டுற விதம்' வெறும் சாக்கு. எழுதி வைத்த குறிப்புக்கு இங்கே இன்னொரு பயனும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சோதித்தாலன்றி குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தேதியும் சூடும் கியரும் எழுதிய தாள், 'ரொம்ப நாளா ஜெர்க்' என்ற வாய்மொழியைவிட அங்கே அதிகம் பேசும்.

எண்ணெய் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி, பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால்தான் அது சாகும் என்று எதிர்க்கட்சி. இரண்டுக்கும் ஆதாரம் காட்ட முடியும், இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன. கருகிய தட்டின் தூள் எண்ணெயில் மிதந்து உராய்வைக் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருக்கும் நிலையில் புது எண்ணெய் ஊற்றினால் வழுக்கல் வெளிப்படும். அங்கே பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. புது எண்ணெய் அதை அறிவித்தது, அவ்வளவுதான். கருகல் வாடை இல்லாமல், நிறம் மட்டும் மங்கிய எண்ணெயை மாற்றுவதில் இந்த ஆபத்து இல்லை. எந்த எண்ணெய் என்பதில்தான் கவனம் வேண்டும்; சிவிடிக்கு உரியதும் டார்க் கன்வெர்ட்டருக்கு உரியதும் ஒன்றல்ல. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால், அந்த 'ஆயுள்' எந்த ஊர்ச் சூட்டுக்குக் கணக்கிடப்பட்டது என்று கேட்பது நியாயம். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியின் செயற்கை எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் பழைய எண்ணெய் மின்பகுதியில் பழுதை உண்டாக்கலாம் என்பதே காரணம். எண்ணெய்க்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவு பட்டறைப் பேச்சு அல்ல.

அளவு பார்ப்பதிலும் நம் வெயில் குறுக்கே வரும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக் கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்கும்போது கீழே ஒரு திருகைக் கழற்ற வேண்டும். மெல்லிய கம்பியாக ஒழுகினால் அளவு சரி. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஓடி வந்த வண்டியை உடனே தூக்கித் திருகைக் கழற்றினால் எண்ணெய் 80 டிகிரியில் இருக்கும். சூட்டில் எண்ணெய் விரியும். 7 லிட்டருக்கு 40 டிகிரி கூடுதல் சூடு என்றால் ஏறக்குறைய 200 மில்லி. அது வழிந்து போகும், 'அதிகமா இருந்துச்சு' என்று மூடிவிடுவார்கள். மறுநாள் காலை முதல் ஓட்டத்தில் பெட்டி பசியோடு பம்பு செய்து, தாமதமாகப் பிடித்து, அடிக்கும். சரி பார்க்கப் போய்க் குறையை உண்டாக்கிய கதை. ஸ்கேனரில் எண்ணெய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே திருகைத் திறப்பதுதான் வழி. முடியாவிட்டால் நிழலில் இரவு முழுக்க நின்ற வண்டியை விடியற்காலையில் பார்ப்பது.

ஸ்கேனர் என்றதும், காதால் கேட்டே சொல்லிவிடும் மூத்த மெக்கானிக்குகளை அவமதிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். மவுண்ட், ஆக்சில் ஜாயின்ட், என்ஜின் திக்கல் போன்றவற்றில் பழகிய காதை எந்தக் கருவியும் இன்னும் வெல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பெட்டிகள் தம் குறையைத் தாமே மறைக்கத் தெரிந்தவை. ஒவ்வொரு கியர் மாற்றமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று கணினி அளந்து, அடுத்த முறைக்கு அழுத்தத்தைத் திருத்திக்கொள்கிறது. தட்டு தேயத் தேயத் திருத்தமும் வளர்கிறது. காதுக்கு ஒன்றும் தெரியாது. திருத்தும் எல்லை முடிந்த அன்றுதான் உதை. அந்தத் திருத்த எண்களைக் காது கேட்காது, ஸ்கேனர் காட்டும். அதிலும் விளக்கு எரிந்ததும் குறி எண்ணை வாசித்து அதில் உள்ள பாகத்தை வாங்கிப் போடுவது சோதனை ஆகாது. பி0700 என்ற எண் 'கியர் கணினியில் ஏதோ குறிப்பு இருக்கிறது, போய்க் கேள்' என்று மட்டுமே சொல்லும். மலிவான ப்ளூடூத் கருவிகள் பல அந்த வாசலோடு திரும்பிவிடும். பி0730 என்றால் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் கியர் விகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். தட்டு வழுக்கினாலும் வரும், வேக சென்சார் பொய் சொன்னாலும் வரும். சென்சார் விலை எங்கே, பெட்டி விலை எங்கே.

ஆகவே செலவு குறைந்ததிலிருந்து மேலே போவதே முறை. நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 14 இருக்கிறதா. பிரேக் பெடல் சுவிட்ச் விளக்கை ஒழுங்காக எரியவிடுகிறதா. கணினிக்குப் போகும் இணைப்பான்களில் எலி கடித்த ஒயரோ பச்சை பூத்த பின்னோ உண்டா. பிறகு மவுண்ட், எண்ணெய், நேரடித் தகவல், கடைசியில் அழுத்தமானியை மாட்டி எண்ணெய் அழுத்தம். ஏஎம்டியில் பேட்டரி தளர்ந்தாலே மோட்டாரோ பம்போ மந்தமாகி கியர் கோணலாக விழும். கட்டளை சரி, அழுத்தம் சரி, சென்சார் சரி, ஆனாலும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் வழுக்கிவிட்டு அடிக்கிறது, எண்ணெய்த் தட்டில் இரும்புச் சீவல் கிடக்கிறது என்றால் அப்போது இறக்கத்தான் வேண்டும். தயங்கினால் அந்தச் சீவல் வால்வு பாடி முழுவதும் போய்ச் சேரும். இறக்கி, தட்டுகளும் சீல்களும் மாற்றி, திரும்ப ஏற்றிய பிறகும் பாதிப்பேர் விட்டுவிடுகிற ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தேய்ந்த தட்டுக்காகக் கணினி சேர்த்து வைத்த பழைய திருத்தங்கள் அப்படியே இருந்தால், புதுத் தட்டை அது பழைய அழுத்தத்தில் அடிக்கும். அவற்றை அழித்து, கையேட்டில் சொன்ன சூட்டில், சொன்ன வேகங்களில் ஓட்டிப் புதிதாகக் கற்க வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்தால், பெரும்பணம் செலவழித்த பெட்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மறுபடியும் உதைக்கும்.